தேதி மட்டும் எழுதிய குழாய்கள்

உங்கள் பயிற்சி வகுப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும், எழுதித் தந்துவிடுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நரம்பு எப்படிப் பிடிப்பது, ரத்தம் பிடித்த குழாயை எத்தனை தடவை கவிழ்ப்பது, மிஷினை எப்படிச் சுத்தம் செய்வது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. உங்களிடம் இப்போது இருக்கிற மிஷினை நான் தொட்டால் அது கெட்டுப்போகும். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருட வேலையில் தப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இது ஒன்றுதான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தது. அதனால்தான் அதைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாளானது.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் சாத்தூரில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில் லேப் டெக்னீஷியன். வீடு விருதுநகரில். அத்தா மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர், தம்பிக்கு ஜவுளிக்கடை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து ஊசியைப் பிடித்தவள் நான் ஒருத்திதான். தினமும் ஏழரை மணி பஸ்ஸில் சாத்தூர் போவேன். வாடகை மாடியில் மூன்று அறை. வாசலில் 'ரத்தப் பரிசோதனை நிலையம்' என்று மட்டும் பலகை. எச்.ஐ.வி. என்று எழுதினால் ஒருவரும் படியேறி வரமாட்டார்கள். சென்னையிலிருந்து வந்த இளம் டாக்டர் ஒருவர், நான், ஒரு அட்டெண்டர், அவ்வளவுதான் கூட்டம்.

எங்கள் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எங்களிடம் வந்த பேச்சியம்மாளுக்கு நான் சொன்னபடியே சொல்கிறேன். இந்தக் கிருமி உடம்புக்குள் நுழைந்ததும் பிடிப்பது நம்மைக் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகையை. சிடி ஃபோர் என்று பெயர். மற்ற அணுக்களுக்கு வேலை சொல்கிற போர்மேன் மாதிரி. போர்மேன்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போனால் கம்பெனி என்ன ஆகும்? மருந்து இல்லாமலே சிலருடைய உடம்பு பல வருடம் தாக்குப்பிடிக்கிறது, சிலருக்குச் சீக்கிரமே சரிகிறது. ஏன் என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்புவோம். அங்கே மிஷின் எண்ணிச் சொல்லும். அப்போது இருந்த விதிப்படி, வேறு பெரிய நோய் எதுவும் வராதவர்களுக்கு எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. இருநூற்றுப் பத்து என்று வந்தால் வீட்டுக்குப் போய் அடுத்த ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

பேச்சியம்மாள் தாயில்பட்டிக்காரி. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். அவளுக்கு இது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. நீங்களும் யாரையும் கேட்காதீர்கள், நம் வேலைக்கு அது தேவையில்லை. கட்டையான உடம்பு, யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவாள். ஏப்ரலில் முதல் தடவை எடுத்தபோது இருநூற்று ஐம்பத்திரண்டு. அடுத்தது அக்டோபரில். அதற்கான சீட்டைக் கொடுத்தபோது அவள் அதை வாங்கவில்லை.

"காலைல பத்து மணிக்கு வரச் சொல்றீக சிஸ்டர். வேன் ஆறரைக்கே வந்துரும். சீசன்ல ஒருநா லீவு போட்டாலும் போர்மேன் எதுக்கு எதுக்குன்னு தொளச்செடுத்துருவாரு. நான் என்னத்தச் சொல்ல? ஒரு பொய் சொன்னா அதுக்கு முட்டுக்கொடுக்க ஒம்பது பொய் வேணும்."

"ஞாயித்துக்கிழமை?"

"தீவாளிக்கு முன்னால எங்களுக்கு ஏது ஞாயித்துக்கிழம?"

இவள் மட்டும் இல்லை. தீபாவளி நெருங்கும்போது கம்பெனிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் மாடிப்படி ஏறமாட்டார்கள். போன வருடமும் அப்படித்தான் பலரைத் தவறவிட்டிருந்தோம். எனக்கு எரிச்சல். யார் மீது என்று தெரியாத எரிச்சல். அப்புறம் ஒரு யோசனை வந்தது. வேன் நாலரை, ஐந்துக்கு இவர்களை இறக்கிவிடுகிறது. ஐந்தரை, ஆறுக்குச் சாத்தூர் வந்துவிடலாம். சாமான் வாங்கப் போகிறேன் என்றால் வீட்டிலும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு மட்டும் சாயங்காலம் ரத்தம் எடுத்தால் என்ன? டாக்டரிடம் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்குச் சிரமம் இல்லையா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

சிரமம்தான். அந்த வருடம் ரம்ஜான் பெருநாளும் தீபாவளியும் ஒரே வாரத்தில் வந்தன. சீசன் உச்சத்தில் இருந்த நாளெல்லாம் எனக்கு நோன்பு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் நோன்பு திறக்க வேண்டிய நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சியம்மாளுக்கு ஊசி போட்டு எடுக்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நான் குழாயை மெதுவாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடக்கிய கையில் பஞ்சைப் பிடித்தபடியே இன்னொரு கையால் பைக்குள் துழாவி ஒரு வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பாங்கு சொல்லிட்டாக. மொதல்ல வாயில ஏதாச்சும் போடுங்க. ரத்தம் எங்கயும் ஓடிறாது."

கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டேன். அன்று ராத்திரி பஸ்ஸில் போகும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் அடுத்த ஒரு மாதம் என் கண்ணை மறைத்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. பேச்சியம்மாளுக்கு இருநூற்று அறுபத்தொன்று. ஏப்ரலைவிட ஒன்பது கூட. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நேரம், அவளே வந்திருந்தாள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கூடியிருக்குன்னு சொல்றீக. பாவாட நாடா ரெண்டு சுத்து வருது சிஸ்டர். முன்னால ஒரு சுத்துதான் வரும்."

"சீசன்ல வேலை ஜாஸ்தி இல்லையா. ஒழுங்கா சாப்பிடு, சரியாயிரும்."

"சாப்புடத்தான் செய்யிறேன்."

"நம்பர் நல்லாத்தான் இருக்கு பேச்சி. மிஷின் பொய் சொல்லாது."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். சரி என்று போய்விட்டாள். மிஷின் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். நாங்கள் அதனிடம் கேட்ட கேள்விதான் கோணல். அது எனக்கு அப்போது தெரியாது.

இதற்கிடையில் டாக்டர் ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். வீட்டில் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சிடி ஃபோர் கோடு இறங்குகிறது. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கோடு இறங்காமல் நிற்கிறது, சிலருக்கு ஏறுகிறது. இவ்வளவு உழைக்கிறவர்களுக்கு எப்படி எதிர்ப்புச் சக்தி தாங்குகிறது? டாக்டர் ராப்பகலாக யோசித்தார். உழைப்பா, வெயிலா, வேறு ஏதாவதா? எங்கள் அட்டெண்டர் தன் பங்குக்கு, கந்தகக் காற்றில் கொசுவே வராது, கிருமி எப்படி நிற்கும் என்றார். டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அடுத்த வாரம் சென்னையில் ஒரு கூட்டத்தில் இந்த வரைபடத்தைக் காட்டுவதாக இருந்தார். பாவம், சின்ன ஊரில் வந்து இரண்டு வருடம் உட்கார்ந்ததற்கு முதல் பலன்.

எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது அந்தப் பாவாடை நாடா. ஒருநாள் மத்தியானம் சும்மா இருந்தபோது எடைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பேச்சியம்மாள் ஏப்ரலில் ஐம்பத்து நான்கு கிலோ. அக்டோபரில் ஐம்பது. அந்த ஐம்பதை எழுதியவளே நான்தான். எழுதினேனே தவிர படிக்கவில்லை. அணு கூடியிருக்கிறது, ஆள் கரைகிறாள். இரண்டும் எப்படி ஒரே உடம்பில் நடக்கும்?

ரத்தம் கெட்டிருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். காலையில் எடுத்த குழாய்கள் அன்றே பதினோரு மணி பஸ்ஸில் அட்டெண்டரோடு மதுரை போகும். சாயங்காலம் எடுத்தவை இரவு முழுக்கப் பெட்டியில் இருந்து மறுநாள் போகும். ஒரு ராத்திரி இருந்ததால் ஏதாவது ஆகியிருக்குமா? யார் யாருடைய குழாய் அப்படித் தங்கியது என்று பார்க்கலாம் என்றால், படிவத்தில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, நேரம் என்று ஒரு கட்டமே இல்லை. குழாயில் ஒட்டிய சீட்டிலும் நான் தேதி மட்டும்தான் எழுதியிருந்தேன். காலையில் மட்டுமே எடுத்துவந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. பழக்கத்தை மாற்றியவள் படிவத்தை மாற்றவில்லை.

ஆனால் அட்டெண்டரிடம் ஒரு நோட்டு உண்டு. எந்தத் தேதியில் எந்தெந்தக் குழாயை மதுரைக்கு எடுத்துப்போனார் என்று எழுதி வைப்பார். ரத்தம் எடுத்த தேதியும் அனுப்பிய தேதியும் ஒன்றாக இருந்தால் காலைக் குழாய். ஒருநாள் தள்ளியிருந்தால் சாயங்காலக் குழாய். சிவப்புப் பேனாவை எடுத்துச் சாயங்காலக் குழாய்களுக்கெல்லாம் வட்டம் போட்டேன். பதினோரு வட்டம். அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன். கோடு இறங்காமல் நின்றவர்கள் யாரோ, அவர்கள் அத்தனை பேரும் என் வட்டத்துக்குள் இருந்தார்கள். வட்டத்துக்குள் இல்லாத கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், காலையில் லீவு போட்டு வந்தவர்கள். அவர்களுடைய கோடு எல்லோரையும் போல இறங்கியிருந்தது.

அப்போதுதான் டிப்ளமோ படித்த காலத்துப் பாடம் ஒன்று எங்கிருந்தோ மேலே வந்தது. இந்த அணுக்களின் எண்ணிக்கை ரத்தத்தில் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. காலையில் குறைவு, சாயங்காலம் கூடுதல். பரீட்சைக்கு ஒரு வரி எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். டாக்டரும் படித்திருப்பார். இரண்டு பேருக்கும் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கந்தகமும் இல்லை, உழைப்பும் இல்லை, பெட்டிக்குள் அணு பெருக வழியும் இல்லை. நான் சாயங்காலம் எடுத்தேன், அவ்வளவுதான்.

வேலை போகும் என்ற பயம்தான் முதலில் வந்தது. பேச்சியம்மாள் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இந்த வரிசையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் அப்படித்தான் வரும் என்பதால் சொல்கிறேன். வேலை ஒப்பந்த வேலை, மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் நேரம் இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு வழியும் மனசுக்குள் வந்து நின்றது: பேச்சியம்மாளை மட்டும் ஏதோ காரணம் சொல்லிக் காலையில் வரவைத்து இன்னொரு தடவை எடுத்துவிட்டால் என்ன? அவளுக்கும் மருந்து கிடைக்கும், என் பெயரும் கெடாது. நல்ல வழியாகத்தான் தெரிந்தது. மிச்சம் பத்து வட்டத்தை எண்ணிப் பார்த்தபிறகு அதை விட்டுவிட்டேன்.

நோட்டையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் கூட்டத்துக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"இத ஏன் மேடம் அப்பவே சொல்லல?"

"நேரம் மாத்தப்போறேன்னு சொன்னேன் டாக்டர். நீங்களும் சரின்னீங்க."

அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் நோட்டை மூடி வைத்தார். பிறகு, இது நமக்குத் தோன்றுவதுதான், நிரூபணம் இல்லை என்றார். நாமே நம் ரத்தத்தைக் காலையிலும் சாயங்காலமும் எடுத்து இரண்டு நாள் அனுப்பிப் பார்ப்போம், உறுதியானதும் எல்லோரையும் கூப்பிடலாம் என்றார். ஆராய்ச்சிக்காரருக்கு அது சரியான பேச்சு. எனக்கு அது போதவில்லை.

"நம்ம ரத்தத்த எடுங்க டாக்டர். ஆனா பேச்சியம்மாவ நான் இன்னைக்கே கூப்பிடுறேன். மருந்து கொடுக்கத்தான் உறுதி வேணும். இன்னொரு தடவ ரத்தம் எடுக்க சந்தேகமே போதும்."

அவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

கூப்பிடுவது எப்படி? அவள் வீட்டில் போன் கிடையாது. வீட்டுக்குப் போனால், இவள் யார், எதற்கு வந்தாள் என்று தெருவே கேட்கும். கடிதம் போட்டால் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள். தம்பிக்குப் போன் போட்டேன். சாத்தூருக்கு வந்த அவனுடைய சரக்கு வேனில் இருந்து ஒரு மூட்டை நைட்டியை இறக்கித் தரச் சொன்னேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்கள் கிராமம் கிராமமாகத் துணி கொண்டுபோய் விற்பது வழக்கம்தான், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூட்டையோடு பஸ் ஏறித் தாயில்பட்டியில் கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள். விரல் இடுக்கில் எல்லாம் வெள்ளிப் பொடி. "பாயம்மா, என்ன வெல?" என்று ஒருத்தி கேட்டாள். விலையைத் தம்பியிடம் கேட்க மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். கூட்டம் சட்டென்று கூடிவிட்டது. குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தபோது நான்கு நைட்டி போய்விட்டது. தம்பி அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறான்.

கடைசியாக இறங்கிய பேச்சியம்மாள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பயம் முகத்தில் தெரிந்தது. "வாம்மா, உனக்கு அளவு பாக்கவா?" என்று சத்தமாகக் கேட்டு, ஒரு நைட்டியை விரித்து அவள் தோளில் வைத்தேன். தோள் எலும்பு என் கையில் பட்டது.

"என்ன சிஸ்டர் இங்கன?" என்றாள், உதடு அசையாமல்.

"பயப்படாத. சைஸ் பாக்குற மாதிரியே நில்லு. அன்னைக்கு உன் ரத்தத்த நான் தப்பான நேரத்துல எடுத்துட்டேன். காலைல எடுக்கணும். சாயங்காலம் எடுத்தா கூடத்தான் காட்டும்."

"அதெப்பிடிக் கூடும்? ஒடம்புல உள்ளது எப்பவும் அம்புட்டுத்தான?"

"காலைல கொஞ்சம் அணு ரத்தத்த விட்டுட்டு எலும்புக்குள்ள, அங்க இங்கன்னு போய் இருந்துக்கும். சாயங்காலம் திரும்பி ரத்தத்துக்கு வரும்."

நைட்டியின் தையலை இழுத்துப் பார்த்தபடி யோசித்தாள்.

"வேன் போன பெறகு எங்க ஊருல தல எண்ணுற மாதிரின்னு சொல்லுங்க. நாலு ஆட்டுக்குட்டியும் நடக்க மாட்டாததுகளுந்தான் இருக்கும். அஞ்சு மணிக்கு எண்ணுனா ஊரு நெறஞ்சு கெடக்கும்."

இதைவிட நன்றாக அந்த விஷயத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

"அப்போ மொதல்ல எண்ணுனது வேன் போன பெறகு, ரெண்டாவது வேன் வந்த பெறகு. ரெண்டையும் சேத்து வச்சுக்கிட்டு கூடியிருக்குன்னுட்டீக."

"ஆமா."

"நான் நாடாவப் பத்திச் சொன்னேன்ல?"

"சொன்ன. நாந்தான் கேக்கல. தப்பு என்னுதுதான் பேச்சி."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எப்போ வரணும்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சா நாளைக்குக் காலைல."

"போர்மேன்ட்ட தல சுத்துதுன்னு சொல்லிட்டு வாரேன். இப்பம் அது பொய்யில்ல."

பக்கத்தில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஏ பேச்சி, அது ஒனக்குத் தொளதொளன்னு கெடக்கும். சின்னதாப் பாருடி" என்றாள். பேச்சியம்மாள் அந்தப் பெரிய நைட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். சத போட்டுக்கிருவேன்."

மறுநாள் காலையில் வந்தாள். அட்டெண்டர் மதுரையிலேயே காத்திருந்து முடிவை வாங்கி வந்தார். எண்ணிக்கை நூற்று எழுபத்தொன்று. அந்த வாரமே மருந்துக்காக மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அவளை அனுப்பினோம். எங்கள் ரத்தத்தின் முடிவும் வந்தது. டாக்டர், அட்டெண்டர், நான், மூன்று பேருக்கும் இரண்டு நாளும் சாயங்காலக் கணக்குதான் கூட. டாக்டர் அந்தச் சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தைத் தானே பிய்த்து எடுத்தார். சென்னைக்குப் போன் போட்டு, கூட்டத்துக்கு வரவில்லை என்றார். பதினோரு பேருக்கும் மறுபடி காலையில் ரத்தம் எடுக்கவைத்தார். என் கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தார். அதில் 'நேரத்தை மாற்றியவள் நான், குறிக்காமல் விட்டவளும் நான்' என்று எழுதியிருந்தேன். கீழே அவர் தன் கையெழுத்தில், 'அனுமதித்தவன் நான்' என்று சேர்த்திருந்ததை ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்காக அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார் என்று நினைக்காதீர்கள். பொங்கல் வரைக்கும் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

பேச்சியம்மாளைப் போல இருநூறுக்குக் கீழே இருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவருக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். இன்னொருவர் அச்சங்குளம் பக்கத்துக்காரர், தீப்பெட்டி ஆபீசில், அதாவது கம்பெனியில், வேலை. நாங்கள் அவரைத் தேடிப் பிடித்தபோது இருமலோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். காசநோய். ஜனவரியில் இறந்துபோனார். ஒரு மாதம் முந்தியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் நானும் நம்பப் பார்க்கிறேன். முழுசாக நம்ப முடிந்ததில்லை. அந்தச் சாயங்காலம் அவர் படியேறி வந்து, "எங்களுக்காக உக்காந்திருக்கீகளே தாயி" என்று கும்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

அதற்குப் பிறகு மையத்தைக் காலை ஐந்தரைக்குத் திறந்தோம். கம்பெனிக்குப் போகிறவர், போகாதவர் எல்லோருக்கும் ஆறு மணியை ஒட்டித்தான் ரத்தம். தாயில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களை வேன் போகிற வழியிலேயே, சாத்தூர் ரோட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி அவர்களே டிரைவரிடம் பேசி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமான வழி இருந்தது. நாங்கள் அவர்களைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள். படிவத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம் வந்தது. குழாய்ச் சீட்டிலும் வந்தது.

பேச்சியம்மாளுக்கு முதல் மூன்று மாதம் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, தூக்கமின்மை. விட்டுவிடுவாள் என்று பயந்தேன். விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசையில் வைத்தாள். உள்ளே அந்த நைட்டி.

"பாயம்மா, இது பத்தல. பிடிக்கிது. மாத்தித் தருவீகளா?"

ஒன்றரை வருடம் உடுத்தித் துவைத்த நைட்டியை எந்தக் கடையில் மாற்றுவார்கள்? தம்பி கடையில் மாற்றினார்கள். பழையதை நான் வைத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, நான் வேலையை விட்ட வாரம் என் இடத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். உங்களைப் போல, படிப்பு முடித்த சூட்டோடு, நல்ல கை. அன்று காலை முதல் ஆளாக வந்தது பேச்சியம்மாள். அந்தப் பெண் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள், வலிக்கவே இல்லை என்று பேச்சியம்மாளே சொன்னாள். குழாயில் எண்ணை எழுதினாள், தேதியை எழுதினாள், தாங்கியில் வைத்தாள். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. பஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா, போலாம்."

"நேரம் போடலையே."

"கம்ப்யூட்டர்ல தானா வந்துரும்க்கா."

"அது நீங்க தட்டுற நேரம். ரத்தம் எடுத்த நேரம் கம்ப்யூட்டருக்கு எப்பிடித் தெரியும்? கொளாயில போடுங்க."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குழாயைத் திரும்ப எடுத்து 6.10 என்று எழுதினாள். பேச்சியம்மாள் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், குழாயைத் தன் கையாலேயே தாங்கியில் வைத்தாள். அப்புறம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, வேனைப் பிடிக்கப் படியிறங்கி ஓடினாள்.